வீட்டு பீரில் ஃபைனல் கிராவிட்டி ரொம்பக் குறைவாக வந்தால்: கருவி பொய் சொல்கிறதா, ஈஸ்ட் இன்னும் தின்கிறதா?

நாலு லிட்டர் பீர், இரண்டு வாரம் நொதித்து முடிந்தாச்சு. ரெசிபி சொன்னது 1.012. ஹைட்ரோமீட்டர் காட்டுவது 1.002. சந்தோஷப்படுவதா, பயப்படுவதா?

சின்ன அளவில் வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும் கேள்வி. "ஆல்கஹால் கொஞ்சம் கூடியிருக்கு, நல்லதுதானே" என்று பலர் அப்படியே பாட்டிலில் அடைத்துவிடுகிறார்கள். சில சமயம் அது சரியாகவே போய்விடும். சில சமயம் அந்த பாட்டில்கள் சமையலறை அலமாரிக்குள் வெடிக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 1.002 என்ற எண்ணில் இல்லை. அந்த எண் அங்கேயே நின்றுவிட்டதா, இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறதா என்பதில்தான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மேலே போகும் முன் இதைச் சொல்லிவிடுவது நல்லது. இந்தியாவில் மது மாநிலப் பட்டியலில் வரும் விஷயம். தமிழ்நாட்டில் 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். 'எனக்கு மட்டும்தான், நாலு லிட்டர்தான்' என்பதெல்லாம் அங்கே எடுபடாது. கர்நாடகத்தில் 1965-ம் ஆண்டு கலால் சட்டமும் தயாரிப்புக்கு உரிமம் கேட்கிறது. பெங்களூருவில் தெருவுக்கு ஒரு மைக்ரோபிரூவரி இருப்பதால் இந்திராநகர் ஃபிளாட்டில் நாமும் காய்ச்சலாம் என்று ஆகிவிடாது. பழங்குடிச் சமூகங்கள் தங்கள் வீட்டுத் தேவைக்கும் சடங்குகளுக்கும் காய்ச்சிக்கொள்ள சில மாநிலங்கள் விலக்கு தந்திருக்கின்றன. அது தனிக் கதை.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. சிங்கப்பூரில் 18 வயதைத் தாண்டியவர்கள், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை, விற்காமல் சொந்த உபயோகத்துக்கு உரிமம் இல்லாமலே தயாரிக்கலாம். காய்ச்சி வடிப்பது மட்டும் கூடாது. பிரிட்டனில் 1963-லேயே இந்த உரிமக் கட்டுப்பாடு போய்விட்டது. அமெரிக்காவில் 1978-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் கதவைத் திறந்தது. கடைசி மாநிலங்களான மிசிசிப்பியும் அலபாமாவும் வழிக்கு வர 2013 ஆனது. ஆக, இங்கே சொல்லப்போவது அனுமதி உள்ள ஊரில் பீர் தயாரிப்பவர்களுக்கும், மைக்ரோபிரூவரி பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கும், இந்தத் தொழிலின் உள்கதை தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கும்.

1.002 என்றால் என்ன?

பால் சொசைட்டியில் லேக்டோமீட்டரைப் பார்த்திருப்பீர்கள். பாலில் தண்ணீர் கலந்தால் அது கூடுதலாக மூழ்கும். ஹைட்ரோமீட்டரும் அதே சங்கதிதான். தண்ணீரின் அடர்த்தி 1.000. மால்ட்டை ஊறவைத்து எடுத்த இனிப்புச் சாறான வொர்ட்டில் சர்க்கரை நிறைய இருப்பதால், அது 1.050 போல ஏதாவது காட்டும். இதுதான் ஒரிஜினல் கிராவிட்டி, சுருக்கமாக ஓ.ஜி. ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று முடித்தபின் எடுக்கும் ரீடிங் ஃபைனல் கிராவிட்டி, அதாவது எஃப்.ஜி. கடைசி மூன்று இலக்கத்தைப் புள்ளி என்பார்கள். 1.050 என்றால் 50 புள்ளி.

நம் உதாரணத்தில் 50 புள்ளி 12-க்கு இறங்க வேண்டும். அப்படி இறங்கியிருந்தால் ஆல்கஹால் ஏறக்குறைய 5 சதவீதம். 2-க்கு இறங்கினால் 6.3 சதவீதம். ஈஸ்ட் 76 சதவீதம் தின்னும் என்று எதிர்பார்த்தோம், 96 சதவீதம் தின்றுவிட்டதாக எண் சொல்கிறது.

இந்த 96-ஐ அப்படியே நம்பிவிடக் கூடாது. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது, அதன் அடர்த்தி 0.79 அளவுதான். அது கலந்திருப்பதால் ஹைட்ரோமீட்டர் நியாயமாக மூழ்க வேண்டியதைவிடக் கூடுதலாக மூழ்கும். சர்க்கரை உண்மையில் எவ்வளவு தீர்ந்தது என்று பார்த்தால், மேலோட்டக் கணக்கின் ஐந்தில் நான்கு பங்குதான் தேறும். எனவே 1.000 காட்டும் பீரில்கூட மாவுப்பொருளின் மிச்சம் கொஞ்சம் இருக்கவே செய்யும். '1.000 வந்தாச்சு, இனிமே திங்க ஒண்ணுமே இல்ல' என்ற முடிவு தவறாவது இதனால்தான்.

இன்னொன்று, எதிர்பார்ப்பே தப்பாக இருக்கலாம். ரெசிபி ஆப் காட்டும் எஃப்.ஜி., ஈஸ்ட் பொட்டலத்தில் போட்டிருக்கும் சராசரியை ஓ.ஜி.யால் பெருக்கி வந்த எண்தான் பெரும்பாலும். உங்கள் பானையில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. பெல்ஜியத்து சேஸான் வகை பீர் 1.002-லிருந்து 1.008-க்குள் முடிவது இயல்பு. அதே 1.002 ஒரு ஸ்வீட் ஸ்டவுட்டில் வந்தால் ஏதோ கோளாறு. 2017 வாக்கில் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்த புரூட் ஐபிஏ என்ற பாணியிலோ, நொதி சேர்த்து, வேண்டுமென்றே 1.000-க்குக் கொண்டுவருவார்கள்.

முதல் சந்தேகம் கருவி மேல்

காரணம் தேடும்போது எல்லாரும் ஈஸ்ட்டில்தான் ஆரம்பிப்பார்கள். கருவியில் ஆரம்பித்தால் பாதிப் பிரச்சினை ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

வெப்பநிலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரோமீட்டர்கள் பொதுவாக 20 டிகிரி செல்சியஸிலோ, பழைய அமெரிக்க வகைகள் 15.6 டிகிரியிலோ சரியாகக் காட்டும்படி செய்யப்பட்டவை. எது என்று உள்ளே இருக்கும் தாளிலேயே அச்சிட்டிருக்கும். சிங்கப்பூர் ஃபிளாட்டில் மத்தியானம் 30 டிகிரி இருக்கும். சூட்டில் திரவம் விரியும், அடர்த்தி குறையும். 20 டிகிரி கருவி 30 டிகிரி பீரில் ஏறத்தாழ இரண்டரைப் புள்ளி குறைத்துக் காட்டும். 15.6 டிகிரி கருவி என்றால் மூன்றுக்கும் மேலே. நம் 1.002 என்பது உண்மையில் 1.0045 அல்லது 1.005. லண்டன்காரர் எழுதிய வழிகாட்டியில் இது ஓரமாக ஒரு வரியில் முடிந்துவிடும். நம்ம வெயிலுக்கு அதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும்.

ஓ.ஜி.யும் எஃப்.ஜி.யும் ஒரே 30 டிகிரியில் எடுத்திருந்தால் இரண்டும் ஒரே அளவு குறையும், ஆல்கஹால் கணக்கு பாதிக்காது. சிக்கல் வருவது ஒன்றைச் சூடாகவும் மற்றதை ஃப்ரிட்ஜிலிருந்தும் எடுக்கும்போது.

அடுத்து, கருவியே சரியா என்று பாருங்கள். 20 டிகிரி தண்ணீரில் மிதக்க விடுங்கள். 1.000 காட்ட வேண்டும். 0.996 காட்டினால் உள்ளே இருக்கும் தாள் நழுவியிருக்கிறது. தூக்கிப் போட வேண்டாம், ஒவ்வொரு ரீடிங்கிலும் 4 கூட்டிக்கொண்டால் போதும். கருவி மேல் காய்ந்த நுரையோ ஈஸ்ட் படிவோ ஒட்டியிருந்தால் எடை கூடி ஆழமாக மூழ்கும், அப்போதும் ரீடிங் குறையும். கரியமில வாயுக் குமிழ்கள் ஒட்டினால் நேர் எதிராக, கருவியைத் தூக்கிவிட்டு ரீடிங்கைக் கூட்டும். 'குமிழாலதான் கம்மியா காட்டுது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சின்ன பேட்ச் போடுபவர்களுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. ஹைட்ரோமீட்டர் ஜாரை நிரப்ப 100 மில்லிக்கு மேல் வேண்டும். நாலு லிட்டரில் மூன்று முறை ரீடிங் எடுத்தால் ஒரு பாட்டில் போச்சு. அதனால் பலர் இரண்டு சொட்டு போதும் என்று ரிஃப்ராக்டோமீட்டருக்கு மாறுகிறார்கள். ஆனால் ஆல்கஹால் இருக்கும் திரவத்தில் அது கூட்டித்தான் காட்டும். 12 பிரிக்ஸில் தொடங்கிய வொர்ட் 6 பிரிக்ஸில் நின்றால், நேரடியாக மாற்றினால் 1.024 வரும். திருத்தக் கணக்கு போட்டால் 1.011. இந்தத் திருத்தத்தை ஆப் ஒரு முறை போட்டு, நீங்களும் ஒரு முறை போட்டால், இல்லாத அளவுக்குக் குறைந்த ஒரு எண் கிடைக்கும். தொடக்க பிரிக்ஸைத் தப்பாகக் கொடுத்தாலும் அப்படித்தான்.

ரீடிங் சரிதான் என்றால்?

இப்போது பானைக்குள் போகலாம். மால்ட் எக்ஸ்ட்ராக்ட் டப்பாவில் செய்பவர்கள் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டிப் போகலாம். அவர்களுக்கான சர்க்கரைக் கலவையைத் தொழிற்சாலையே முடிவு செய்துவிட்டது.

முழு தானியத்தில் செய்யும்போது, அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைப்பதை மாஷ் என்கிறோம். அங்கே இரண்டு நொதிகள் ஸ்டார்ச்சை வெட்டுகின்றன. பீட்டா அமைலேஸுக்கு 60 முதல் 65 டிகிரி பிடிக்கும். அது ஈஸ்ட் எளிதாகத் தின்னும் மால்ட்டோஸாக நறுக்கிக் கொடுக்கும். ஆல்ஃபா அமைலேஸ் 68-க்கு மேலும் தெம்பாக வேலை செய்யும். அது கண்டபடி வெட்டுவதால், சாதாரண பீர் ஈஸ்ட்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின்கள் மிஞ்சும். பீரின் உடல்கட்டு, வாயில் நிற்கும் அந்தக் கனம், பெரும்பாலும் இந்த மிச்சத்திலிருந்து வருவது. 63 டிகிரியில் ஊறிய மாஷ் வறண்ட பீர் தரும், 69-ல் ஊறியது கனமான பீர் தரும்.

இதில் சின்னப் பானையின் பிரச்சினை என்ன? இருபது லிட்டர் பாத்திரம் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று லிட்டர் பாத்திரம் வைத்துக்கொள்ளாது. 67-ல் மூடிவைத்துவிட்டு வந்தால் ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு டிகிரி இறங்குவது சகஜம். நீங்கள் 67-ல் மாஷ் செய்ததாக நோட்டில் எழுதிவைப்பீர்கள், பீட்டா அமைலேஸ் அதற்குப் பிடித்த சூட்டில் அரை மணி நேரம் கொண்டாடியிருக்கும். தெர்மாமீட்டர் இரண்டு டிகிரி கூட்டிக் காட்டினால் இன்னும் மோசம். பானையைப் போர்வையில் சுற்றிவைப்பதோ, முன்கூட்டியே லேசாகச் சூடாக்கி அணைத்த அவனுக்குள் வைப்பதோ பெரிய வித்தியாசம் தரும். கொதிக்கவைக்கத் தாமதித்தாலும் இதே கதை. நொதிகள் செயலிழக்கும் அளவுக்கு வொர்ட் சூடாகும்வரை அவை வேலையை நிறுத்துவதில்லை.

சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் சேர்ப்பவர்கள் தனியாகக் கணக்கு போட வேண்டும். நாலு லிட்டரில் 200 கிராம் சர்க்கரை போட்டால் ஓ.ஜி.யில் சுமார் 19 புள்ளி அதனுடையது. அதில் ஒரு புள்ளிகூட எஃப்.ஜி.யில் மிஞ்சாது. போதாக்குறைக்கு அதிலிருந்து வந்த ஆல்கஹால் ரீடிங்கை இன்னும் கீழே இழுக்கும். சமையலறைத் தராசு 50 கிராம் தப்பினால் 19 லிட்டர் பேட்சில் ஒரு புள்ளிதான் மாறும். நாலு லிட்டரில் கிட்டத்தட்ட ஐந்து.

'11 கிராம் ஈஸ்ட் பொட்டலம் முழுசையும் நாலு லிட்டரில் கொட்டினேன், அதனாலதான் ரொம்பக் குறைஞ்சிருச்சு' என்பது அடிக்கடி சொல்லப்படும் விளக்கம். அது பெரும்பாலும் சரியல்ல. ஈஸ்ட் அதிகமானால் வேகமாகத் தின்னும். ஆனால் தின்ன முடியாததைத் தின்னாது. எல்லையை வைப்பது வொர்ட்தான், ஈஸ்ட்டின் எண்ணிக்கை அல்ல.

அந்த எல்லையைத் தாண்டித் தின்னும் ஈஸ்ட் ஒன்று உண்டு. குறைந்த எஃப்.ஜி.யைப் பார்த்துப் பயப்பட வேண்டிய உண்மையான காரணம் அதுதான்.

டயஸ்டாட்டிகஸ்: மெதுவாகத் தின்னும் விருந்தாளி

முழுப் பெயர் சாக்கரோமைசிஸ் செரிவிசியே வகை டயஸ்டாட்டிகஸ். பீர் ஈஸ்ட்டின் சொந்த உறவுதான். ஆனால் இதனிடம் எஸ்டிஏ1 என்ற மரபணு இருக்கிறது. அதைக்கொண்டு குளுக்கோஅமைலேஸ் என்ற நொதியைச் செய்து செல்லுக்கு வெளியே பீரில் கலந்துவிடும். அந்த நொதி, மற்ற ஈஸ்ட்டுகள் விட்டுவைத்த டெக்ஸ்ட்ரின்களை நுனியிலிருந்து ஒவ்வொரு குளுக்கோஸாக உடைத்துக் கொடுக்கும். பந்தி முடிந்து எல்லாரும் எழுந்த பிறகும் உட்கார்ந்து, இலையில் மிஞ்சியதை எல்லாம் நிதானமாகச் சாப்பிடுகிற ஆள் மாதிரி.

நிதானம் என்பதுதான் இங்கே ஆபத்து. சாதாரண நொதித்தல் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். டயஸ்டாட்டிகஸ் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், நாளுக்கு அரைப் புள்ளிகூட நகராமல் வேலை பார்க்கும். 1.012-ல் 'நின்றுவிட்டது' என்று நினைத்துப் பாட்டிலில் அடைத்தால், உள்ளே அது 1.002 நோக்கி நடந்துகொண்டே இருக்கும்.

பாட்டிலில் வாயு ஏற்ற நாம் லிட்டருக்கு 6 முதல் 7 கிராம் சர்க்கரை போடுகிறோம். எஃப்.ஜி. ஒரு புள்ளி இறங்கினால் லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிராம் சர்க்கரை தின்னப்பட்டதாக அர்த்தம். பத்துப் புள்ளி இறங்கினால் 20 கிராம். அதாவது நீங்கள் போட்டதற்கு மேல் இன்னும் மூன்று மடங்கு. ஷாம்பெயினில் இருக்கும் வாயுவையே அது தாண்டிவிடும். ஷாம்பெயின் பாட்டில் அதற்கென்று தடிமனாகச் செய்யப்படுகிறது. கழுவி மறுபடி பயன்படுத்தும் பீர் பாட்டில் அப்படியல்ல. 'பாட்டில் பாம்' என்று ஹோம்பிரூவர்கள் கேலியாகச் சொல்வது கேலி விஷயமே இல்லை. கண்ணாடித் துண்டு முகத்தில் பாயக்கூடிய விபத்து அது.

பெரிய நிறுவனங்களும் இதில் அடிபட்டிருக்கின்றன. 1952-லேயே ஆண்ட்ரூஸ், கில்லிலாண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பீரை அளவுக்கு மீறி வறளவைக்கும் நுண்ணுயிர்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு இது ஆய்வகத்து விஷயமாகவே இருந்தது. 2016-ல் அமெரிக்காவின் கொலராடோவில் இருக்கும் லெஃப்ட் ஹேண்ட் பிரூயிங், மில்க் ஸ்டவுட் நைட்ரோ உள்ளிட்ட பீர்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. டயஸ்டாட்டிகஸ் கலந்த ஈஸ்ட்டை விற்றதாகக் கூறி, 2017-ல் தனக்கு ஈஸ்ட் கொடுத்த ஆய்வகத்தின் மேல் வழக்கும் போட்டது. அதன்பிறகுதான் கிராஃப்ட் பீர் உலகில் இந்தப் பெயர் எல்லார் வாயிலும் வந்தது.

இதை வில்லனாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. சேஸானின் வறண்ட சுவைக்கு இந்தக் குடும்பம்தான் காரணம். லாலேமாண்ட் நிறுவனத்தின் பெல் சேஸான், ஃபெர்மென்டிஸின் பிஇ-134, வையீஸ்ட் 3711 எல்லாம் இந்த வகையே. கோதுமை பீருக்குப் பலர் வாங்கும் டபிள்யூபி-06-உம் அப்படித்தான், அதன் தொழில்நுட்பக் குறிப்பிலேயே போட்டிருக்கிறார்கள். கோதுமை பீர் 1.004-க்குப் போய்விட்டது என்று பதறும் பலருக்கு விடை அந்தக் குறிப்பில் இருக்கிறது. ஈஸ்ட் பொட்டலத்தைத் தூக்கிப் போடும் முன் அதன் பெயரை ஒரு முறை தேடிப் பாருங்கள்.

எஸ்டிஏ1 இருக்கும் எல்லா ஈஸ்ட்டும் ஒரே மாதிரி தின்பதும் இல்லை. ஃபின்லாந்தின் விடிடி ஆய்வு மையத்தைச் சேர்ந்த கிறிஸ்டோஃபர் குரோகெரஸ் குழு 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த மரபணுவை இயக்கும் முன்பகுதியில் ஒரு துண்டு இல்லாத ஈஸ்ட்டுகளில் நொதி மிகக் குறைவாகவே சுரக்கிறது. மரபணு இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு.

நீங்கள் டயஸ்டாட்டிகஸ் வாங்கவே இல்லை, ஆனாலும் எஃப்.ஜி. சரிகிறது என்றால், போன முறை செய்த சேஸான்தான் முதல் சந்தேகம். அந்த ஈஸ்ட் பிளாஸ்டிக் குழாய், குழாய்த் திருகு, கீறல் விழுந்த ஃபெர்மென்டர் இங்கெல்லாம் ஒட்டிக்கொண்டு அடுத்த பேட்சுக்கு வந்துவிடும். காற்றில் வரும் காட்டு ஈஸ்ட்டும், பிரெட்டனோமைசிஸும் இதே வேலையைச் செய்யும். கிராம்பு அல்லது குதிரைச் சேணம் போன்ற வாடை, மேற்பரப்பில் மெல்லிய ஆடை, எதிர்பாராத புளிப்பு, இவை தடயங்கள். ஆனால் டயஸ்டாட்டிகஸ் சில சமயம் எந்த வாடையும் காட்டாமல் வேலையை முடித்துவிடும். மூக்கை மட்டும் நம்பினால் போதாது.

ஹாப்ஸுக்குக்கூட பங்கு உண்டு

நொதித்தல் முடிந்தபின் வாசனைக்காக ஹாப்ஸ் பூவைப் பச்சையாகப் போடுவதை டிரை ஹாப்பிங் என்பார்கள். கொதிக்காத ஹாப்ஸில் ஸ்டார்ச்சை உடைக்கும் நொதிகள் கொஞ்சம் உண்டு. அவை டெக்ஸ்ட்ரினை உடைக்க, ஈஸ்ட் மறுபடி விழித்துக்கொள்ளும். இதற்கு ஹாப் கிரீப் என்று பெயர். பிரிட்டனில் பிரவுன், மோரிஸ் இருவரும் 1893-லேயே இதைக் கவனித்து எழுதிவிட்டார்கள். எல்லாரும் மறந்துபோய், ஐபிஏ மோகத்தில் அள்ளி அள்ளி ஹாப்ஸ் போட ஆரம்பித்தபின், 2018-ல் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிர்க்பாட்ரிக், ஷெல்ஹாம்மர் ஆய்வு மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. டயஸ்டாட்டிகஸ் அளவுக்கு ஆழமாகப் போகாது, சில புள்ளிகள்தான். ஆனால் அந்தச் சில புள்ளிகளே ப்ரைமிங் சர்க்கரையை இரட்டிப்பாக்கப் போதும். டிரை ஹாப் செய்தபின் ஹைட்ரோமீட்டரை மறுபடி எடுப்பது அதனால்தான் அவசியம்.

நின்றுவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரே ஒரு ரீடிங்கால் எதுவும் தெரியாது. சாதாரண ஈஸ்ட் என்றால் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை ஒரே எண் வந்தால் போதும். சேஸான் வகையோ, கலப்படச் சந்தேகமோ இருந்தால் அந்த இடைவெளி பத்தாது, இரண்டு மூன்று வாரம் விட்டுப் பார்க்க வேண்டும். இங்கேதான் ரிஃப்ராக்டோமீட்டர் உண்மையிலேயே கைகொடுக்கும். மாற்றம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கத் திருத்தக் கணக்கே தேவையில்லை. போன வாரம் 5 பிரிக்ஸ், இந்த வாரமும் 5 பிரிக்ஸ் என்றால் எதுவும் நகரவில்லை. 4.6 என்றால் ஏதோ தின்கிறது. செலவு இரண்டு சொட்டு.

எந்தப் பக்கம் தப்பு என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால், பெரிய பிரூவரிகள் செய்யும் ஒரு சோதனையை வீட்டிலும் செய்யலாம். ஈஸ்ட் போடும் நாளிலேயே 200 மில்லி வொர்ட்டைத் தனியாகச் சுத்தமான புட்டியில் எடுத்து, நிறைய ஈஸ்ட் போட்டு, மூடியை இறுக்காமல், வெதுவெதுப்பான இடத்தில் அடிக்கடி குலுக்கிவையுங்கள். சில நாட்களில் அது தின்ன வேண்டியதை எல்லாம் தின்று முடித்துவிடும். அதன் ரீடிங்தான் அந்த வொர்ட்டின் எல்லை. பெரிய பேட்சும் அதே எண்ணில் நின்றால், அது எவ்வளவு குறைவாக இருந்தாலும், காரணம் மாஷ் அல்லது சர்க்கரை, பயப்பட ஒன்றுமில்லை. பெரிய பேட்ச் அந்த எண்ணைத் தாண்டிக் கீழே போகிறது என்றால் உள்ளே வேறு யாரோ இருக்கிறார்கள். நாலு லிட்டரில் 200 மில்லி போகிறதே என்று மனசு கேட்காதுதான். ஆனால் வேறு எந்தச் சோதனையும் இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்வதில்லை. ஒரே நிபந்தனை, சோதனைக்கும் பேட்சுக்கும் ஒரே ஈஸ்ட் பொட்டலம் என்றால், பொட்டலத்திலேயே கலப்படம் இருந்தால் இது காட்டிக்கொடுக்காது.

குடிக்கலாமா? மெத்தனால் வருமா?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, 'வீட்டில் தயாரித்தது' என்றாலே நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மெத்தனால் பயம்தான் முதலில் வரும். அங்கே உயிர்களைப் பறித்தது சாராயத்தில் கலக்கப்பட்ட மெத்தனால். தானியத்திலிருந்து நொதித்த பீரில் மெத்தனால் பொருட்படுத்தத்தக்க அளவு உருவாவதில்லை. எஃப்.ஜி. குறைவதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. காட்டு ஈஸ்ட் புகுந்த பீர் சுவை கெட்டிருக்கலாம், அதனால் விஷமாகிவிடாது. ஆல்கஹால், ஹாப்ஸ், அமிலத்தன்மை மூன்றும் சேர்ந்து நோய்க் கிருமிகளை வளரவிடுவதில்லை. பூஞ்சணம் பிடித்திருந்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். 5 சதவீதம் என்று நினைத்துக் குடிப்பது 6.3 சதவீதமாக இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். வண்டி எடுக்கும் நாளில் அந்த வித்தியாசம் பெரியது.

ரொம்ப வறண்டுவிட்ட பீரைச் சரிசெய்ய முடியுமா? சர்க்கரை சேர்த்துப் பயனில்லை, ஈஸ்ட் அதையும் தின்றுவிடும். பாலில் இருக்கும் லாக்டோஸைப் பீர் ஈஸ்ட்டால் தின்ன முடியாது. நாலு லிட்டருக்கு 40 கிராம் போட்டால் ஏறக்குறைய நாலு புள்ளி கூடும், கொஞ்சம் இனிப்பும் கனமும் திரும்பும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கொடுக்கும்போது சொல்லிவிடுங்கள். மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்பது இன்னொரு வழி. உள்ளே இருப்பது டயஸ்டாட்டிகஸ் என்றால் அதைப் போடுவது பாம்புக்குப் பால் வார்ப்பதுதான்.

ஏற்கெனவே பாட்டிலில் அடைத்தாச்சு என்றால்?

தேதியைப் பார்த்து, ஒரு பாட்டிலை நன்றாகக் குளிரவைத்து, சிங்க் மேல் துண்டைச் சுற்றித் திறந்து பாருங்கள். நுரை கட்டுக்கடங்காமல் பொங்கினால் மீதி பாட்டில்களை உடனே ஃப்ரிட்ஜுக்கு மாற்ற வேண்டும். குளிர் ஈஸ்ட்டை மந்தமாக்கும், அழுத்தத்தையும் குறைக்கும். எடுக்கும்போது கண்ணுக்கு மூடிய கண்ணாடி, தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். குலுக்கவோ, சூடான இடத்தில் வைக்கவோ கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தப் பெட்டியின் மேல் தடித்த போர்வையைப் போட்டு, மாற்றி முடிக்கும்வரை அந்த அறைப் பக்கம் யாரும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த பிறகு மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்றிவிட்டு மறுபடி மூடலாம். ஆனால் தின்பது நிற்கவில்லை என்றால் அதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். இரண்டாவது முறைக்கு மேல் போனால் கொட்டிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

கருவிகளில் கண்ணாடியும் ஸ்டீலும் கொதிநீருக்குத் தாங்கும், நன்றாகத் தேய்த்து வெந்நீரில் போட்டு எடுங்கள். பிளாஸ்டிக் குழாய்களையும் ரப்பர் வளையங்களையும் சுத்தம் செய்து பார்ப்பதைவிட மாற்றிவிடுவது மலிவு. சேஸான் விரும்பிகள் அதற்கென்று தனியாக ஒரு செட் குழாய் வைத்துக்கொள்கிறார்கள், மேலே சிவப்பு டேப் ஒட்டி.

அடுத்த பேட்சிலிருந்து கடைசிப் பாட்டிலுக்கு மட்டும் கண்ணாடிக்குப் பதிலாக ஒரு காலி சோடா பெட் பாட்டிலைப் பயன்படுத்துங்கள். தினமும் விரலால் அழுத்திப் பாருங்கள். சில நாட்களில் கடையில் வாங்கிய சோடா அளவுக்கு விறைக்கும். அதற்குமேல் கல் மாதிரி இறுகிக்கொண்டே போனால், பக்கத்தில் இருக்கும் கண்ணாடி பாட்டில்களுக்குள்ளும் அதே அழுத்தம்தான்.